பிள்ளை தன் வேலையைத் தானே கொண்டுநடத்த: பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்து படிப்பார்கள். தரம் 6 முதல் சாதாரண தரம் வரை. கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரின் முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான்: "விளங்குது மிஸ், கேட்டால் சொல்லுவான். ஆனா ஒண்டையும் ஒழுங்கா முடிக்கமாட்டான்." கொப்பியை மறப்பது, தொடங்காமல் இழுத்தடிப்பது, ஒப்படையை முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கு வெளியே எடுப்பது, பரீட்சையில் கடைசிக் கேள்விக்கு நேரம் போதாமல் போவது எல்லாம் ஒரே குடும்பத்துப் பிரச்சினைகள்.

உளவியலில் இவற்றை நிறைவேற்றுத் தொழிற்பாடுகள் என்பார்கள். நான் 'கொண்டுநடத்தும் திறன்' என்றே சொல்வேன். அதன் அடியில் மூன்று வேலைகள் உண்டு: ஒன்றை மனதில் ஏந்திக்கொண்டே அடுத்ததைச் செய்வது, மனம் இழுக்கும் பக்கம் போகாமல் நிறுத்துவது, வழி அடைபட்டால் வேறு வழிக்கு மாறுவது. இவற்றில் பெரும் பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கும். அதுவரை அந்த வேலையை வேறு யாரோ செய்கிறார்கள். பெரும்பாலும் அம்மா. "கொப்பி வைச்சிட்டியா, போத்தல் எடுத்தியா, இண்டைக்கு ரெஸ்ட் எல்லோ" என்று விடியற்காலையில் அம்மா கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் பிள்ளையின் தலைக்குள் எழவேண்டிய கேள்வி.

அந்தக் கேள்விகளை அம்மாவின் வாயிலிருந்து ஒரு தாளுக்கும், தாளிலிருந்து பிள்ளையின் தலைக்கும் மாற்றுவதற்கான ஒழுங்கு கீழே இருக்கிறது. ஒழுங்கை மாற்றாதீர்கள். நான் மாற்றிப் பார்த்துக் கெடுத்திருக்கிறேன்.

1. தொடங்குமுன் இருக்கவேண்டியவை

பொருட்கள் அதிகமில்லை. கொஞ்சம் டெமி தாள், முள் ஓடும் சுவர் மணிக்கூடு ஒன்று, வெண்பலகைப் பேனை ஒன்று, இரண்டு பக்கமும் தாள் வைக்கக்கூடிய ஃபைல் ஒன்று, பெரிய கட்டம் போட்ட நாட்காட்டி ஒன்று. வங்கியில் கொடுக்கும் நாட்காட்டி போதும். போயாவும் மற்ற விடுமுறைகளும் அதில் ஏற்கெனவே சிவப்பில் இருக்கும்.

டயரி வாங்காதீர்கள். கிட்டத்தட்ட எல்லாப் பெற்றோரும் முதலில் செய்வது அதைத்தான். டயரியைத் திறக்க ஞாபகம் வேண்டும், எழுதப் பொறுமை வேண்டும், எழுதியதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பிள்ளையிடம் இல்லாதவையே அந்த மூன்றும். ஜனவரியில் வாங்கிய அழகான டயரிகள் பெப்ரவரியோடு நின்றுபோனதை நிறையப் பார்த்திருக்கிறேன். கைப்பேசியில் வரும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளுக்கும் காசு போகவேண்டாம். அந்த விளையாட்டில் பிள்ளை கெட்டிக்காரன் ஆவான். அது கணிதக் கொப்பி வரை வந்து சேருவதில்லை.

அடுத்தது நேரம். இங்கேதான் கொழும்புப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். 7.30க்குப் பாடசாலை, 1.30க்கு முடிந்து வேன் வீட்டுக்கு வர 2.30, சாப்பிட்டுவிட்டு 3.30க்கு டியூஷன், வந்து குளித்தால் ஆறரை. சனிக்கிழமை முழுக்க வகுப்பு. தரம் 9 மகள் ஒருவரோடு இருந்து எண்ணிப் பார்த்தேன்: முழுக் கிழமையிலும் அவர் தானாகத் தீர்மானித்துச் செலவழிக்கக்கூடிய நேரம் நாலரை மணித்தியாலம். டியூஷனில் எதை, எப்போது, எந்த ஒழுங்கில் செய்வது என்று தீர்மானிப்பவர் சேர். பிள்ளை போய் இருந்து எழுதிவிட்டு வருகிறது. அங்கே பாடம் வளரலாம், கொண்டுநடத்தும் திறன் வளர இடமில்லை. கிழமையில் நாலு நாளாவது, நாளுக்கு 45 நிமிடம், பிள்ளைக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு வகுப்பை நிறுத்துங்கள். இதைச் சொன்னதற்காக என்னிடமிருந்து பிள்ளையை எடுத்த பெற்றோரும் உண்டு.

நித்திரையையும் பாருங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும். காலை 5.15க்கு எழும்பும் பிள்ளை இரவு 9.15க்குத் தூங்கியிருந்தால்தான் எட்டே வரும். நித்திரை குறைந்த பிள்ளையிடம் முதலில் கெடுவது, நாம் வளர்க்கப் பார்க்கும் இந்தத் திறன்தான்.

2. ஒரு கிழமை பார்த்து எழுதுங்கள், திருத்தாதீர்கள்

டெமி தாளில் நாலு நிரல் கீறுங்கள்: எப்போது, என்ன நடந்தது, எந்த இடத்தில் அறுந்தது, யார் காப்பாற்றினார்கள். ஏழு நாளும் எழுதுங்கள். இந்தக் கிழமை வழக்கம்போலவே ஞாபகப்படுத்தலாம், ஏசலாம், ஆனால் எழுதுங்கள்.

மூன்றாம் நிரல்தான் உயிர். "வீட்டுவேலை செய்யவில்லை" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. வகுப்பில் குறித்துக்கொள்ளவே இல்லையா, குறித்ததைப் பார்க்கவில்லையா, பார்த்தும் தொடங்கவில்லையா, தொடங்கி இடையில் எழும்பினானா, முடித்தும் கொடுக்கவில்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. என்னிடம் வந்த ஒரு மகன் விஞ்ஞான வீட்டுவேலை செய்வதே இல்லை என்று பெயர் வாங்கியிருந்தான். பார்த்தால் நாலும் முடித்துப் பைக்குள் கிடந்தன. ஆசிரியர் கேட்கும் நேரத்தில் அவன் கொப்பியைத் தேடிக்கொண்டிருப்பான், அவர் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்.

நாலாம் நிரல் உங்களுக்கு. ஒரு அம்மா கொண்டுவந்த தாளில் 'நான்', 'நான்', 'நான்' என்று 23 இடத்தில் இருந்தது. அவரே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

கிழமை முடிவில் அடிக்கடி அறும் இடம் ஒன்றை மட்டும் வட்டமிட்டு வையுங்கள். இரண்டு வட்டம் போடாதீர்கள். "சோம்பேறி" என்ற சொல்லை எந்த நிரலிலும் எழுதாதீர்கள். எழுதினால் அதற்குமேல் தேட மனம் வராது.

3. வட்டமிட்டது எதுவானாலும், முதலில் பை

காரணம் எளிது. பை கண்ணுக்குத் தெரியும், ஒரே நாளில் பலன் காட்டும். நேர முகாமைத்துவத்தில் தொடங்கினால் பலன் தெரிய ஒரு தவணை போகும். அதற்குள் பிள்ளையும் களைத்துவிடும், நீங்களும் களைத்துவிடுவீர்கள்.

பையை நிலத்தில் முழுமையாகக் கொட்டச் சொல்லுங்கள். நீங்கள் கொட்டாதீர்கள். தரம் 8 மகன் ஒருவன் கொட்டியதில் வந்தவை: ஒரே பாடத்துக்கு மூன்று கொப்பிகள், மூடியில்லாத பேனைகள் ஐந்து, மூன்று கிழமைக்கு முந்திய பெற்றோர் கூட்டக் கடிதம் நாலாக மடித்தபடி, நசுங்கிக் கறுத்த கோழிக்கூடு வாழைப்பழம் ஒன்று. அந்தக் கடிதத்தை எடுத்து விரித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. "இதைக் குடுத்திருக்கோணும் என்ன" என்றான். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

பிறகு ஃபைல். இடது பக்கம் 'கொடுக்க', வலது பக்கம் 'வைக்க'. பாடசாலையிலிருந்து வரும் தாள் எதுவும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் போகவேண்டும். மூன்றாவது இடம் இருக்கக்கூடாது; மூன்றாவது இடம்தான் பையின் அடி.

காலையில் கொண்டுபோகவேண்டியவற்றுக்குப் பட்டியல் ஒன்று எழுதி வாசற்கதவில் ஒட்டுங்கள். பிள்ளையின் கையெழுத்தில், பிள்ளை மனதுக்குள் பேசும் மொழியில். ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளையும் அநேகமாகத் தமிழில்தான் தன்னோடு பேசும். நாலு விடயம் போதும். மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியது ஏறக்குறைய நாலு என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001இல் எழுதினார். என் அனுபவத்திலும் ஐந்தாவது வரியைப் பிள்ளைகள் வாசிப்பதில்லை.

பட்டியல் படிக்கும் மேசையில் இருந்தால் பயனில்லை. மறதி நடப்பது சப்பாத்துப் போடும் இடத்தில். முழுதாக அடுக்கிய பையை ஒருமுறை படம் எடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது.

அடுக்கும் நேரம் இராச்சாப்பாட்டுக்கு முன். சாப்பிட்ட பிறகு ஒரு பிள்ளையும் அடுக்காது, காலையில் நேரம் இல்லை. இரண்டு கிழமை வேறொன்றையும் தொடாதீர்கள்.

4. வீட்டுவேலையை யார் குறிக்கிறார்கள்?

இப்போது பல வகுப்புகளுக்கு வட்ஸ்அப் குழு உண்டு, அது அம்மாவின் கைப்பேசியில் இருக்கும். ஆகவே பிள்ளை வகுப்பில் எழுதுவதில்லை. "குரூப்பில போடுவினம் தானே." இப்படித்தான் அம்மா பிள்ளையின் ஞாபகசக்தி ஆகிறார்.

குழுவை விட்டு விலகத் தேவையில்லை. பின்னேரம் ஒரு நேரத்தை வைத்து, கைப்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பிள்ளையே வாசித்து, டெமி தாளில் தன் கையால் எழுதவேண்டும். எழுதி முடிந்ததும் கைப்பேசி திரும்பி வரவேண்டும். நீங்கள் வாசித்துச் சொன்னால் அது காதோடு போய்விடும். படம் எடுத்து வைத்தால் படமாகவே கிடக்கும்.

ஆசிரியராக இருந்தால், மணி அடிப்பதற்கு மூன்று நிமிடம் முன்பு வீட்டுவேலையைப் பலகையில் எழுதி, எழுதும்வரை நில்லுங்கள். மணி அடித்தபின் சொல்லும் வீட்டுவேலை முன்வரிசைக்கு மட்டும் கொடுத்த வீட்டுவேலை.

5. தொடங்குதல்

இழுத்தடிக்கும் பிள்ளைக்கு வேலை கஷ்டம் என்று நினைக்கிறோம். பல நேரம் வேலையின் முதல் அசைவு எதுவென்று அதற்குத் தெரியவில்லை. "படி" என்ற சொல்லுக்கு முதல் அசைவு கிடையாது. "கணிதக் கொப்பியைத் திறந்து திகதி போடு" என்பதற்கு உண்டு.

'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்ற அமைப்பில் ஒரு வசனம் எழுதவையுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து ஆராய்ந்த முறை இது. நோக்கத்தை மட்டும் சொல்பவரைவிட, எந்தக் கட்டத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர் அதிகம் செய்து முடிக்கிறார். எங்கள் முன்னறைச் சுவரில் இருக்கும் ஒன்று: "தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும் கதிரையில் இருந்து திகதி போடுவேன்."

மணி நேரத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். "நாலு மணிக்குத் தொடங்கு" என்பது மழை பெய்து காலி வீதி அடைபட்ட முதல் நாளே உடையும். உடைந்த திட்டத்தைப் பிள்ளை அன்றைக்கு விட்டுவிடும். தேத்தண்ணி எத்தனை மணிக்கு வந்தாலும் தேத்தண்ணிதான்.

கைப்பேசி அடுத்த அறையில், கண்ணுக்குப் படாமல். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது. அதைத் தொடாமல் இருப்பதற்கே பிள்ளையின் பாதிச் சக்தி போகும்.

அடுக்குமாடி வீட்டில் தனி அறை இல்லை, சாப்பாட்டு மேசைதான், அம்மம்மாவின் நாடகம் ஓடுகிறது என்பார்கள். மேசை பரவாயில்லை. தொலைக்காட்சிக்கு முதுகு காட்டும் கதிரை ஒன்றை நிரந்தரமாகக் கொடுங்கள். நாடகத்தைப் பற்றி அம்மம்மாவோடு பேசுவது என் வேலையல்ல.

6. நேரத்தைக் கண்ணுக்குக் காட்டுங்கள்

எண் மணிக்கூட்டில் 4.20 என்பது ஓர் எண் மட்டும். முள் மணிக்கூட்டில் அது ஓர் அளவு. கண்ணாடியின் மேல் வெண்பலகைப் பேனையால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு துண்டு, அப்பத்தில் வெட்டியதுபோல, நிழல் அடியுங்கள். முள் அந்தத் துண்டைத் தின்றுகொண்டே போவதைப் பிள்ளை பார்க்கும். முடிந்ததும் துணியால் துடைத்தால் போகும்.

பிறகு ஊகம். ஒவ்வொரு வேலைக்கும் முன் "எவ்வளவு நேரம்?" என்று கேட்டு எழுதுங்கள், முடிந்ததும் பக்கத்தில் உண்மையை எழுதுங்கள். ஒரு மகள் பின்னக் கணக்கு ஆறுக்குப் பத்து நிமிடம் என்று எழுதினார், 34 ஆனது. அடுத்த நாளும் பத்து என்றுதான் எழுதினார். இது பிள்ளைத்தனம் இல்லை. செய்துபார்த்த வேலைக்கும் மனிதர் நேரத்தைக் குறைத்தே மதிக்கிறார்கள் என்று டேனியல் கானமனும் ஏமோஸ் டுவெர்ஸ்கியும் 1979இலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டு கிழமை இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் ஊகம் தானாக நகரும். "நான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நாள் பிள்ளை எண்ணைப் பொய்யாக எழுதும்.

7. ஒப்படையைப் பின்னாலிருந்து பிரியுங்கள்

அதிகம் கண்ணீர் வரும் இடம் இது. இரவு ஒன்பதரைக்கு "அம்மா, நாளைக்கு பிரிஸ்டல் போர்ட் வேணும்" என்ற குரல் எந்த வீட்டுக்கும் புதிதல்ல.

ஓர் உதாரணத்தோடு போவோம். ஒரு கிழமை மழைவீழ்ச்சியை அளந்து வரைபாக்கி, பிரிஸ்டல் போர்டில் ஒட்டிக் கொடுக்கவேண்டும். நாள் 24ஆம் திகதி, திங்கள். அறிவித்தது 4ஆம் திகதி. மூன்று கிழமை இருக்கிறது என்று பிள்ளை நிம்மதியாக இருக்கும்.

முதற்கேள்வி: "24ஆம் திகதி காலையில் கையில் என்ன இருக்கும்?" பிள்ளை அதைக் கீறட்டும். சும்மா ஒரு பெட்டி, தலைப்பு, வரைபு இருக்கும் இடம். முடிவு கண்ணுக்குத் தெரியாமல் அதற்குப் போகும் வழியைப் போடமுடியாது. தொடக்கத்திலிருந்து திட்டமிடச் சொன்னால் முதல் இரண்டு படியை எழுதிவிட்டு "பிறகு முடிக்கிறது" என்று எழுதுவார்கள்.

அடுத்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கி: "இது இருக்கவேண்டுமென்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கவேண்டும்?" ஒட்டுவதற்கு முன் வரைபு. வரைபுக்கு முன் அட்டவணை. அட்டவணைக்கு முன் ஏழு நாள் அளவு. அளவுக்கு முன் வெட்டிய போத்தல் மொட்டைமாடியில் இருக்கவேண்டும். மொட்டைமாடிச் சாவி காவலாளியிடம். ஒவ்வொரு படியும் ஒரு சின்னத் தாள் துண்டில்.

இப்போது முக்கியமான கேள்வி: "இதில் அவசரப்படுத்த முடியாத படி எது?" ஒட்டுவதை ஓர் இரவில் செய்யலாம். ஏழு நாள் மழையை ஓர் இரவில் அளக்கமுடியாது. அந்தத் துண்டுக்குச் சிவப்புக் கோடு போட்டு, நாட்காட்டியில் முதலில் அதை ஒட்டுங்கள். மற்றவை அதைச் சுற்றி வரும். இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கப் பழகிய பிள்ளைக்கு மற்ற எல்லாவற்றையும் நீங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்பேன்.

துண்டுகளை நாட்காட்டியில் வைக்கும்போது டியூஷன் நாளிலும் கல்யாணவீட்டு நாளிலும் வைக்கப் பார்ப்பார்கள். விடுங்கள், பிறகு "அன்றைக்கு எத்தனை மணிக்கு வருவாய்?" என்று மட்டும் கேளுங்கள். துண்டை எடுத்து வேறு கட்டத்தில் வைக்கும் அந்தக் கை அசைவுதான் திட்டமிடுதல். எல்லாவற்றையும் 21ஆம் திகதிக்குள் முடியும்படி இழுங்கள். கடைசி இரண்டு நாள் வெறுமையாக இருக்கவேண்டும். மை கொட்டும், போத்தல் கவிழும், காய்ச்சல் வரும்.

நாட்காட்டியைப் பெற்றோர் அழகாக நிரப்பிக் கொடுப்பது பெரிய பிழை. அது உங்கள் திட்டம். தவறினால் தவறுவதும் உங்கள் திட்டம்தான் என்று பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

8. பரீட்சைத் தாளில் இதையே செய்வது

சாதாரண தரக் கணிதம் இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம். முதற்பகுதியில் 5, இரண்டாம் பகுதியில் 5, மொத்தம் 10 வினாக்களுக்கு விடை எழுதவேண்டும். 180ஐப் பத்தால் பிரித்து 18 என்று கணக்குப் போடாதீர்கள். வினாவுக்கு 16 நிமிடம் வைத்தால் 20 நிமிடம் மிஞ்சும், சரிபார்க்க.

வாசிப்பதற்குத் தரும் மேலதிக 10 நிமிடத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் முதல் வினாவை மனதுக்குள் செய்து வீணாக்குகிறார்கள். அந்த நேரத்தில் தீர்மானிக்கவேண்டியவை இரண்டு: எதை விடுவது, எதில் தொடங்குவது. கடந்தகால வினாத்தாளை எடுத்து, விடை எழுதாமல், இந்தப் பத்து நிமிடத்தை மட்டும் பழக்குங்கள். நாலைந்து தாளில் செய்தாலே கை பழகிவிடும்.

9. வழி அடைபட்டால்

திட்டம் போடப் பழகிய பிள்ளைகளில் சிலர், திட்டம் குழம்பினால் அப்படியே நின்றுவிடுவார்கள். வகுப்பு இல்லை என்று திடீரெனச் செய்தி வந்தால், கிடைத்த இரண்டு மணித்தியாலமும் சும்மா போகும். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை, "இந்தக் கிழமை எது குழம்பக்கூடும், குழம்பினால் என்ன?" என்று ஒரு வசனம் எழுதவையுங்கள். ஒன்று போதும்.

10. இதெல்லாம் செய்தும் அசையாவிட்டால்

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பலகை தெரியாத பிள்ளை வீட்டுவேலையைக் குறிக்காது. கவனச்சிதறலும் அமைதியின்மையும் ஆறு மாதத்துக்கு மேலாக, வீட்டிலும் பாடசாலையிலும் இரண்டு இடத்திலும் இருந்தால் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு) உண்டா என்று வைத்தியரிடம் கேட்கவேண்டும். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான உளமருத்துவப் பிரிவு உண்டு. போகும்போது இரண்டாம் படியில் எழுதிய தாளைக் கொண்டுபோங்கள். "குழப்படி டொக்டர்" என்று சொல்வதைவிட அந்த நாலு நிரல் அதிகம் சொல்லும்.

11. விலகுவது

மேலே சொன்னவற்றில் எதையும் செய்யாமல் இதை மட்டும் செய்யும் பெற்றோர் உண்டு: "இனி உன் பாடு." எல்லாவற்றையும் செய்துவிட்டு இதைச் செய்யாத பெற்றோர் அதைவிட அதிகம். சாதாரண தரம் வரைக்கும் அவர்களே பட்டியலை வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

படிப்படியாக விலகுங்கள். முதலில் பக்கத்தில் இருந்து சேர்ந்து செய்வீர்கள். பிறகு கேள்வி மட்டும்: "பட்டியலில் அடுத்தது என்ன?" பிறகு கேள்வியும் இல்லை, கதவை ஒரு பார்வை. பிறகு நீங்கள் குசினியில். கடைசியில் வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு தடவை பார்ப்பீர்கள். ஒரு படியில் பத்து நாள் பெரிதாகப் பிழை வராவிட்டால் அடுத்த படி. அறுந்தால் ஒரு படி மட்டும் பின்னால் வாருங்கள், தொடக்கத்துக்குப் போகாதீர்கள். முதல் நல்ல கிழமையைப் பார்த்துவிட்டு ஒரேயடியாகக் கையை எடுப்பது, நான் அதிகம் கண்ட பிழை.

இடையில் ஒருநாள் பிள்ளை மறக்கும், உங்களுக்குத் தெரியும், வாய் வரை வரும். விலை குறைந்த மறதியாக இருந்தால் விடுங்கள். சித்திரக் கொப்பி என்றால் விடலாம். தவணைப் பரீட்சை நாளில் கணித உபகரணப் பெட்டி என்றால் சொல்லிவிடுங்கள். அன்று பின்னேரம் ஏச்சு வேண்டாம், "பட்டியலில் என்ன மாற்றவேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். வாழைப்பழ மகனின் அம்மா அப்படிக் கேட்டபோது, அவன் பட்டியலை வாசற்கதவிலிருந்து கழற்றி மின்தூக்கிக்குப் போகும் வழியில் இருக்கும் சப்பாத்துத் தட்டுக்கு மேல் ஒட்டினான். அவன் சப்பாத்துப் போடுவது வாசலுக்கு வெளியேயாம். மூன்று மாதமாக எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

தவணை விடுமுறைக்குப் பிறகு எல்லாம் கொஞ்சம் பின்னால் போயிருக்கும். பாடசாலை தொடங்க மூன்று நாள் முன்பு பையை மறுபடி கொட்டவையுங்கள், பட்டியலைப் புதுத் தாளில் எழுதவையுங்கள், கேள்வி கேட்கும் படியிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் தடவை ஒரு கிழமைக்குமேல் போகாது.